சுந்துஸ் எனக்குச் சொல்லாதது

என் கண்மணி மகள் விஜ்தானுக்கு வாப்பா எழுதுவது. உன் மேல் அமைதியும் அல்லாஹ்வின் அருளும் என்றும் இருக்கட்டும். நானும் உன் உம்மாவும் மோசுலில் சுகம், அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ சுகமா, போன மாதம் பிடித்த இருமல் விட்டதா, இல்லை எங்களிடம் பேசும்போது மட்டும் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்கிறாயா. 'சுகம்' என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புக்குச் சுகம், அந்த அளவுக்கு எடுத்துக்கொள். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நீ நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை மகளே. முயற்சி பண்ணாமல் இல்லை, ஒவ்வொரு தடவையும் வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு போனை உம்மாவிடம் நீட்டிவிட்டேன். உன் சின்னம்மா மகன் சல்வான் அடுத்த வாரம் உன் ஊர்ப்பக்கம் வருகிறான், அவன் பையில் உம்மா போட்ட ஊறுகாய் ஜாடிகளோடு இதுவும் வரும், காடி வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரையை ஒரு நாள் போட்டால் இரண்டு நாள் மறந்துவிடுகிறாள், கேட்டால் 'வலிக்கிறது உங்களுக்கா எனக்கா' என்கிறாள். மாடி அறைச் சுவரில் போர்க்காலத்து விரிசலைப் பூசி வெள்ளை அடித்தாயிற்று, நீ வந்தால் அங்கேதான் படுக்கை. தெருவுக்கே மின்சாரம் கொடுக்கிற நம் ஜெனரேட்டருக்கு இந்த வருடம் புது பெல்ட் போட்டேன், வெயில் ஏறினதும் தெருவே என் கொட்டகையில்தான் நிற்கிறது, 'எங்க வீட்டு லைன்ல ஃபேன் ஆமை மாதிரி சுத்துது' என்று பேக்கரிக்காரன் தினமும் சண்டை, அவன் இரகசியமாக இரண்டாவது குளிர்பெட்டி வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது என்று அவன் நினைப்பு. பார், சுற்றிச் சுற்றி வருகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்த பகுதியையும் சேர்த்தே முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நடுவில் தொடங்கினால் எனக்குச் சாதகமில்லாத எதையாவது விட்டுவிடுவேன் என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

உன் ஆய்வுக்கு நீயே இங்கே வர முடியாமல் போனதும், நம் ஊரில் அதே உளவியல் படிப்புப் படிக்கிற ஹனீன் நம் தெருப் பெண்களிடம் பேசிப் பதிவு செய்வாள், போரில் பட்டதெல்லாம் அவர்கள் மனதில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இரண்டு பேருமாக எழுதுவீர்கள் என்று சொன்னாய். பேச ஒரு அமைதியான அறை வேண்டும் என்றாய். 'என் மகளுக்கு இல்லாத கூடமா' என்று நான் மார்தட்டினேன். அப்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா, 'வாப்பா, அவங்க பேசுற நேரத்துல நீங்க வீட்டுலயே இருக்கக் கூடாது, பக்கத்து ரூம்லகூட இருக்கக் கூடாது' என்றாய். 'நான் என்ன உளவுக்காரனா' என்று சிரித்தேன். 'சிரிக்காதீங்க, சத்தியம் பண்ணுங்க' என்றாய். பண்ணினேன். நீ திருப்தியாகத் தலையாட்டினது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஹனீன் நல்ல பெண். மெலிந்த உடம்பு, கையில் செத்துப்போன தகப்பனின் பெரிய கடிகாரம், அது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும். உம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒரு தேநீருக்கு மேல் தொடமாட்டாள், 'நான் குடிச்சிட்டே இருந்தா அவங்க பேச மாட்டாங்க அத்தே' என்பாள். முதலில் யாரும் வரவில்லை, 'பைத்தியத்துக்குப் பாக்குற படிப்பாமே' என்று தெருவில் ஒரே கேலி. பிறகு ஒருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பேசிவிட்டுப் போகிறவர்கள் முகம் கழுவிக்கொண்டு போவதை என் கொட்டகையிலிருந்து பார்ப்பேன். என் மகளின் வேலை இது என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாக முடிந்தது.

சுந்துஸ் வந்த நாளைச் சொல்கிறேன். உனக்கு அவளைப் பதிவில்தான் தெரியும், குரலாக. நீ போன பிறகுதான் அவள் நம் தெருவுக்கு வந்தாள். ஆற்றின் வலக்கரையில், பழைய ஊருக்குள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஷாமிலின் மனைவி. போரில் ஷாமில் போனதும் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்து வந்து, பேக்கரிக்கு எதிர் மாடியில் குடியிருக்கிறாள், பெருநாளுக்குப் பேரீச்சம்பழ பிஸ்கட் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். ஷாமிலின் அண்ணன் தனூன் இரண்டு தெரு தள்ளி. ஷாமில் எப்படிப் போனான் என்று எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான், குண்டு விழுந்தது, கூரை சரிந்தது, அந்த நிமிடமே உயிர் போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் அதிசயமாக அரசாங்க மின்சாரம் வந்தது, நான் ஜெனரேட்டரை நிறுத்தினேன். அந்தச் சத்தம் நின்றால் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பூனை நடந்தால் கேட்கும். கூலரின் தண்ணீர்க் குழாயை மாற்றிவிடலாம் என்று ஸ்குரூ டிரைவர் எடுக்கப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்தேன். உள்ளே கூடத்தில் ஹனீனும் சுந்துஸும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உம்மா சொன்னபடி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுக்கதவில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள்தான் இருந்தது. முதல் வாக்கியம் தானாகக் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் நானாக எடுத்துக்கொண்டது. ஒரு இருமல் இருமியிருக்கலாம், ஒரு பாத்திரத்தை நகர்த்தியிருக்கலாம். ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, திருடன் மாதிரி மூச்சைக் குறைத்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டேன். கேட்டு அழுதேன், அழுதது நிஜம், ஆனால் அழுதால் திருட்டு இல்லையென்று ஆகிவிடாது.

பெருநாள் கழிந்து தனூன் என் கொட்டகைக்கு வந்தான். வழக்கமாக வருகிறவன்தான், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தபடி உலகத்தையே திட்டுவான். அன்று சுந்துஸைத் திட்டினான். 'பெருநாளைக்குக்கூட புருஷன் அடங்கியிருக்கற கபுருக்கு வரல, விஜ்தான் வாப்பா. கல்லு நெஞ்சு. பிஸ்கட் சுட மட்டும் கை வருது' என்றான். எனக்கு மனசு பொறுக்கவில்லை. மகளே, இங்கே உன்னிடம் ஒளிக்கமாட்டேன். அவளுக்காகப் பேசினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்ற அரிப்பு ஒன்று தொண்டையில் இருந்தது, அதுதான் மறுபாதி. 'அப்படிச் சொல்லாத தனூன், அவ எப்படி வருவா? அவன் கூப்பிட்ட குரல் இன்னும் அவ காதுக்குள்ளயே நிக்குது' என்றேன்.

தனூன் கிளாஸைக் கீழே வைத்தான். 'யாரு கூப்பிட்டா?' என்றான். நான் ஜெனரேட்டர் பக்கம் திரும்பி, காது கேட்காத மாதிரி எண்ணெய் அளவைப் பார்த்தேன். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். 'ஷாமில் அந்த நிமிஷமே போயிட்டான்னு அவதான சொன்னா. செத்தவன் எப்படிக் கூப்பிடுவான்? உனக்கு யாரு சொன்னது?' என்று கேட்டான். என் வாயிலிருந்து வந்தது இது: 'வீட்டுல பொண்ணுங்க ஏதோ பேசிக்கிட்டாங்க, நான் சரியா கவனிக்கல.' பொண்ணுங்க என்றால் யார்? நீ இங்கே இல்லை, உம்மாவைப் பொண்ணு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஹனீன் பெயரை நான் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். பெயரைச் சொல்லாமலே ஒருத்தியைக் காட்டிக்கொடுக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே தனூன் சுந்துஸ் வீட்டு வாசலுக்குப் போய்விட்டான். 'உசுரோட இருந்தவன விட்டுட்டு ஓடி வந்தவ நீ, என் தம்பி பிள்ளைங்க உங்கிட்ட இருக்கக் கூடாது' என்று தெருவே கேட்கக் கத்தினான். அவள் இல்லை என்று சொல்லவில்லை, அதுதான் அவனுக்குப் போதுமாக இருந்தது. பெரிய பெண் ரஃபல் பள்ளிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரியத்தா தனூனின் பின்னால் நடந்தாள், சின்னவளைத் தூக்கிக்கொண்டு போனான். சின்னவளின் ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது, சுந்துஸ் அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் இதையெல்லாம் என் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். பத்து எட்டு வைத்திருந்தால் தடுத்திருக்கலாம்.

மறுநாள் தெருவுக்கு ஒரு பேச்சுதான், அந்தப் படிக்கிற பெண் கேட்டதையெல்லாம் வெளியே விற்கிறாள் என்று. விஷயம் தெரியாமல் ஹனீன் அடுத்த பேட்டிக்கு ஆள் கூப்பிட ஒரு வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்காரி வாசல் கழுவிக்கொண்டிருந்தவள் ஹோஸ் பைப்பை அப்படியே அவள் மேல் திருப்பிவிட்டாள். 'வா வா, இன்னிக்கு யாரு குடும்பத்தக் கெடுக்க வந்த?' என்று சிரிப்பு வேறு. நனைந்த தலைமுக்காட்டோடு, கடிகாரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே, அந்தப் பெண் நம் வீட்டுக்குத்தான் வந்தாள் மகளே, வேறு எங்கே போவாள். சேறு பட்ட முகத்தைக் கழுவப் போனால் எங்கள் குழாயில் அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது, நான் குடத்திலிருந்து ஊற்றினேன். ஊற்றும்போது கேட்டாள், 'மாமா, நான் யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. நீங்களாவது நம்புறீங்களா?' என்று. 'நம்புறேன்மா' என்றேன். என் கை ஆடவில்லை, தண்ணீர் நேராக விழுந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு ஒருத்தியும் பேச வரவில்லை, ஏற்கெனவே பேசினவர்கள் ஆள்விட்டு எங்கள் பேச்சை எடுத்துவிடு என்றார்கள், ஹனீனின் பேராசிரியர் எல்லாவற்றையும் நிறுத்திவை என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நீ உம்மாவிடம் போனில் அழுத அன்று நான் எதிரே உட்கார்ந்து, உம்மா இலையில் சோறு வைத்துச் சுருட்டிய தோல்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது. உம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். 'அவள நம்புனது என் தப்பு உம்மா, வாயக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தப் படிப்பு? இனிமே அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்' என்றாய். நான் இன்னொரு தோல்மாவை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன், வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லையே என்று. உன் நல்ல மனசை நான் ஒரு குற்றமில்லாதவள் மேல் ஏவிவிட்டுக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போனை வைத்ததும் உம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள், 'அந்தப் பிள்ளைக்கு நீங்கதான தண்ணி ஊத்துனீங்க?' என்றாள். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். 'எங்க?' என்றேன். 'கிளம்புங்க. மொதல்ல ஹனீன் வீட்டுக்கு' என்றாள். முழங்கால் வலிக்காரி எனக்கு முன்னால் நடந்தாள்.

ஹனீன் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். உட்கார வைத்தாள், தேநீர் கொண்டு வந்தாள். நான் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, பேட்டி கொடுக்கிறவர்களை எப்படிக் கேட்பாளோ அப்படியே கேட்டாள், அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. முடித்ததும், 'மாமா, அன்னிக்கு நம்புறேன்னு சொன்னீங்களே' என்றாள். 'நம்பாம என்னம்மா, நீ சொல்லலன்னு என்னவிட யாருக்குத் தெரியும்' என்றேன். அவள் சட்டென்று ஒரு சிரிப்புச் சிரித்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். உம்மா அவளைக் கட்டிக்கொண்டாள், நான் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'என்ன செய்யச் சொல்ற, சொல்லு, செய்யுறேன்' என்றேன். 'நான் வந்து சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எனக்காகவும் வேணாம். சுந்துஸ் அக்காவுக்குத் தெரியணும், அவங்க பேசுனத நான் தூக்கிக் குடுக்கலன்னு. நீங்க சொல்லுங்க, அவங்க காதுபட' என்றாள்.

பிள்ளைகள் விஷயத்தைப் பேசித் தீர்க்க அந்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு இமாமும் தெருப் பெரியவர்களும் தனூன் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. நானும் போனேன். ஆண்கள் கூடத்தில், சுந்துஸும் மற்றப் பெண்களும் உள்ளறையில், நடுவில் திரை. காப்பி வந்தது, வழக்கப்படி விஷயம் முடிகிற வரைக்கும் யாரும் தொடவில்லை. இமாம் பேச வாயெடுத்தார், நான் எழுந்து நின்றுவிட்டேன். 'ஹனீன் ஒரு வார்த்தையும் வெளிய சொல்லல. அவங்க பேசுறப்ப என் வீட்டுச் சமையலறைல உக்காந்து ஒட்டுக் கேட்டது நான். தனூன்கிட்ட உளறுனதும் நான். அந்தப் பிள்ள மேல பழி விழுந்தப்ப வாய மூடிட்டு இருந்ததும் நான்' என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஜெனரேட்டர்காரன் குரல், திரைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

தனூன் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான். 'நாப்பது வருஷம் சிநேகிதம், எம் முகத்தப் பாத்து பொண்ணுங்க பேசிக்கிட்டாங்கன்னு சொன்ன' என்றான். பிடித்து இழுத்து விலக்கினார்கள். அதற்குள் திரை விலகியது. சுந்துஸ் நிலைப்படியில் நின்றாள், தனூனைப் பார்க்கவில்லை, இமாமைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். 'எல்லாத்தையும் கேட்டீங்களா?' என்றாள். எல்லாத்தையும் என்றேன். 'அப்ப இனிமே எங்கிட்ட மிச்சம் என்ன இருக்கு' என்று சொல்லிவிட்டு அங்கேயே, அத்தனை ஆண்களுக்கு முன்னால், அவளே சொன்னாள். அதை உனக்கு எழுதலாமா என்று நான் பிற்பாடு அவளிடமே கேட்டுத்தான் எழுதுகிறேன், 'உங்க மகளுக்கு மட்டும், படிப்புக்கு இல்ல' என்று சொல்லியிருக்கிறாள்.

கூரை விழுந்தபோது ஷாமில் சாகவில்லை. இடுப்புக்குக் கீழே கல்லுக்குள், பேச்சு தெளிவாக இருந்தது. வெளியே சிப்பாய்கள் இப்போதே வந்தால்தான் வழி, பிறகு இல்லை என்று கூப்பிட்டார்கள். 'போ, பிள்ளைங்கள எடுத்துட்டுப் போ, பின்னாடி திரும்பாத' என்று அவனே சொன்னான். 'நான் போனேன். சந்து முனை வரைக்கும் போயிட்டேன். அப்ப சுந்துஸ்னு கூப்பிட்டாரு. போன்னு சொன்னவரே கூப்பிட்டாரு. ரெண்டுல எத நான் கேக்கணும்? ஒரு கைல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. நான் திரும்பல' என்றாள். 'அன்னிலருந்து மாவு பிசையும்போதும் கேக்குது, பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் கேக்குது. கபுருக்கு வரலன்னு கேக்குறீங்க. அங்க வந்தா கூப்பிடுவாருன்னு பயம் எனக்கு.' இவ்வளவுதான் சொன்னாள்.

அப்போதுதான் தனூன் தரையில் உட்கார்ந்தான், உட்கார்ந்தான் என்பதைவிடச் சரிந்தான். 'அவன் உசுரோட இருந்தான்னு எனக்குத் தெரியும்' என்றான். எங்களுக்குப் புரியவில்லை. 'எனக்கு போன் பண்ணான்' என்றான். இடக்கரை அப்போதே போரிலிருந்து விடுபட்டுவிட்டது, தனூன் இந்தக் கரையில், பாலங்கள் எல்லாம் உடைந்து கிடந்தன, நடுவில் ஆறு. கல்லுக்கு அடியிலிருந்து ஷாமில் கூப்பிட்டிருக்கிறான். 'வந்துட்டாங்களான்னு கேட்டான். சுந்துஸும் பிள்ளைங்களும் வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு, வேற ஒண்ணும் கேக்கல. நான் வரேன்டா வரேன்டான்னு பொய் சொன்னேன். திரும்பத் திரும்ப போன் அடிச்சான். என்னால முடியல. போன அணைச்சுட்டேன்' என்று சொல்லித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். தம்பி பெண்டாட்டி மேல் இத்தனை நாள் காட்டின கோபம் யார் மேல் உள்ள கோபம் என்று அப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சுந்துஸ், 'என்ன கேட்டாரு? இன்னொரு தடவ சொல்லுங்க' என்றாள். சொன்னான். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். 'இத இத்தன வருஷமா உங்க கிட்ட வச்சிருந்தீங்களா' என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். இமாம் பிள்ளைகளைத் தாயோடு அனுப்பச் சொன்னார், சொல்லத் தேவையே இல்லை, தனூனே பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். காப்பியை யாரும் குடிக்கவில்லை, ஆறிப்போய் உள்ளே திரும்பிப் போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து எழுதியிருப்பேன். மறுநாளிலிருந்து தெருப் பேச்சு மாறிவிட்டது. பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள், தனூனுக்கும் சுந்துஸுக்கும் இடையில் இருந்த சுவர் உடைந்துவிட்டது, எல்லாம் நன்மைக்கே என்றார்கள். முடிவெட்டுகிறவன் என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே, 'உங்க வாய்க்கு ஒரு மாலை போடணும், நீங்க உளறலைன்னா அந்த அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்குமா?' என்றான். நான் மறுக்கவில்லை மகளே. கண்ணாடியில் என் முகம் கொஞ்சம் மலர்ந்ததைப் பார்த்தேன். நடுக்கதவுக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டேன், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று என்ற மாதிரி ஒரு நினைப்போடு சுந்துஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை, மாடிப்படி முடிவிலேயே நிற்க வைத்தாள், கையெல்லாம் மாவு. நான் தயார் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'எப்படியோ நல்லதுதான் நடந்துச்சுன்னு உங்க மனசுல ஒரு மூலைல இருக்குல்ல?' என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, இருக்கு என்றேன். 'அத எடுத்துப் போட்டுருங்க' என்றாள். 'ரஃபலுக்கு நான் சொல்லணும்னு வச்சிருந்தேன். அவ பெரியவளானதும் ஒரு நாள், நானும் அவளும் மட்டும் இருக்கறப்ப, எப்படிச் சொல்லணும்னு பழகிப் பாக்கத்தான் அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல சொன்னேன். எம் பிள்ள அத தெருவுல, பெரியத்தா கத்துறப்ப கேட்டுச்சு. இனிமே நான் எப்படிச் சொன்னாலும் அது ரெண்டாவது தடவதான்.' கோபமாகச் சொல்லவில்லை, பிஸ்கட்டுக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு அவளே, ஷாமில் கேட்டதைத் தெரிந்துகொண்டதில் தனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அது தனூன் கொடுத்தது, உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றும் சொன்னாள். என்னை மன்னிக்கச் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் பிடுங்குகிறேன் என்று ஆகியிருக்கும்.

உனக்கு அவள் சொல்லியனுப்பியது ஒன்று உண்டு. அவள் குரல் இருக்கிற பதிவை நீ அழித்துவிட வேண்டும், அதிலிருந்து எழுதிய ஒரு வரியும் உன் ஆய்வில் இருக்கக் கூடாது. அது உன் கையில் இருப்பதிலேயே கனமான பேட்டி என்று ஹனீன் சொன்னாள், அது போனால் உன் இரண்டு வருட உழைப்பில் ஒரு பக்கம் சரியும், மற்றப் பெண்கள் திரும்ப வருவார்களா என்பதும் தெரியாது, உன் பட்டம் தள்ளிப்போகலாம், அங்கே உன் பேராசிரியருக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால் பூசி மெழுகாதே, என் தகப்பன் செய்தார் என்று சொல். உன் தகப்பன் இப்படிப்பட்டவன் என்று அந்நிய ஊரில் நீ சொல்ல வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்குத் தலை நிமிரவில்லை, ஆனாலும் சொல். சுந்துஸ் ஒரு வேளை மறுபடி பேசலாம், பேசினாலும் ஹனீனின் இடத்தில்தான், நம் வீட்டில் இல்லை என்றாள். நான் இதில் இனி ஒரு வார்த்தையும் நுழைக்கமாட்டேன்.

வேறு என்ன எழுத. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, அந்த மெல்லிய கோட்டை நம்பி வெளியே போகாதே, உம்மா பின்னிய கம்பளிக் காலுறை சல்வான் பையில் அடியில் இருக்கிறது. தூக்கம் வராத நாளில் இந்த ஊர்க் கதைகளையே கேட்டுக்கொண்டிருக்காதே, உனக்கும் ஒரு மனசு இருக்கிறது, அதுவும் தேயும். அல்லாஹ் உன் கண்ணுக்கு ஒளியும் கைக்குப் பலமும் கொடுக்கட்டும், உன்னை நம்பி வாய் திறப்பவர்களுக்கு அவன் உன்னை நிழலாக்கட்டும், என்னால் வந்த பழி உன்னைத் தொடாமல் விலகட்டும்.

இதைப் படித்து முடித்ததும் எனக்கு போன் பண்ணாதே. என் மேல் கோபமோ அழுகையோ, எதுவாக இருந்தாலும் நான் காத்திருக்கிறேன், அது எனக்கு வர வேண்டியதுதான். முதலில் ஹனீனைக் கூப்பிடு. கூப்பிட்டு, நீ அவளைப் பற்றிச் சொன்னதை நீயே திரும்ப எடுத்துக்கொள். அவள் இன்னும் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, போனை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
கானிம்